ஸ்பிரிங் மேல் போட்ட பழி

போன மாதம் ஒரு காலையில் ஆயுதப்படையிலிருந்து போன் வந்தது. ஆயுத அறையில் என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் பேசினாள். ஆர்மரர் என்று எங்களைச் சொல்வார்கள். துப்பாக்கிகளைப் பரிசோதித்துப் பழுது பார்க்கிற போலீஸ்காரர்கள்.

"சார், அந்தச் சின்ன பிஸ்டல்ல நாலஞ்சுக்கு ரீகாயில் ஸ்பிரிங் பக்கம் கோடு விழுந்திருக்கு. கம்பித் தலையில லேசா பிசிறு. நீங்க இருக்கும்போதும் இப்படித்தானா?"

"அளந்து பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். அளவுக்குள்ளதான் இருக்கு. சிறு தேய்மானம்னு எழுதலாமா?"

"எழுது" என்றேன். போனை வைத்தேன். "யாரு போன்ல? யாருக்கும் எதுவும் ஆயிட்டா?" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நானும் அதே இரண்டு சொற்களை எழுதியவன். அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதாததற்குக் காரணம் ஒரு பெண்மணி. அவர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். சம்பந்தப்பட்ட இன்னொருவரிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. இனி நோகுறதுக்கு யாரு இருக்கா?" என்றார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் கூடங்குளம் பக்கம் கடலோரத்துக்காரன். பெயர் அந்தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்ப்பார். எண்ணெயும் இரும்பும் எனக்குப் புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, போலீஸில் சேர்ந்த சில வருடங்களில் என்னை ஆர்மரர் பயிற்சிக்குப் பொறுக்கி எடுத்து வடக்கே அனுப்பினார்கள். குளிரும் சப்பாத்தியும் புரியாத இந்தியும்தான் அந்தப் பயிற்சியில் எனக்கு நினைவிருப்பவை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு ரைபிளைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன்.

உண்மையில் வேலையைக் கற்றது பாளையங்கோட்டையில், ஆர்.ஐ. சங்கரநாராயணனிடம். ஆயுதப்படை இன்ஸ்பெக்டரை ஆர்.ஐ. என்போம். ஆற்றங்கரை ஊர்க்காரர், படித்த குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆயுத அறைக்குள் வந்ததும் முதலில் குழாயடியில் கையைக் கழுவுவார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவார். குண்டு இல்லை என்று நான் காட்டி முடித்திருந்தாலும், அவரும் ஒருமுறை திறந்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். "நீர் பாத்தது உமக்கு. நான் பாக்குறது எனக்கு" என்பார்.

நான் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். "கண்டதா வே, நெனச்சதா?" ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் போல என்று சொல்லிவிட்டு அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண்டதை மட்டும் சொல்லப் பழகவே எனக்குப் பல வருடம் ஆயிற்று.

என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில்தான் அந்தப் புதிய பிஸ்டல்கள் வந்தன. உள்ளங்கைக்கு அடக்கமானவை. பிடி பிளாஸ்டிக், மேலே கறுப்பு இரும்பு. முக்கியமான ஆட்களுக்கும் சாட்சிகளுக்கும் காவலாகப் போகிறவர்களை கன்மேன் என்போம். முதலில் அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். பெரிய ரிவால்வரை இடுப்பில் சுமந்து நடந்தவர்களுக்குக் கல்யாண வீட்டுச் சந்தோஷம். சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஒருவன் இசக்கிமுத்து. என்னைவிட வெகு இளையவன், ஏட்டு. சுடுவதில் எங்கள் படையில் அவனுக்கு நிகரில்லை. துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருப்பதிலும் அப்படித்தான். திருப்பி ஒப்படைக்கும்போது துணியில் சுற்றித் தருவான். "ஏலே, பிள்ளையவா குடுக்க?" என்று கேலி செய்வேன்.

ஒரு பரிசோதனையின்போது அந்தத் தேய்மானத்தைக் கண்டேன். பிஸ்டல் வெடித்ததும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் ஓடும். அதை மறுபடி முன்னால் தள்ளி மூடுவதுதான் ரீகாயில் ஸ்பிரிங்கின் வேலை. இந்தப் பிஸ்டலில் இரண்டு ஸ்பிரிங்குகள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவே தலை தட்டையான ஒரு கம்பி. அந்தக் கம்பித் தலை குழலில் உரசி பளபளவென்று ஒரு பிறைக்கோடு விழுந்திருந்தது. தலையின் விளிம்பில் பிசிறு. நகத்தால் வருடினால் மட்டுமே தட்டும். வெளி ஸ்பிரிங்கின் முனையில் கறுப்புப் பூச்சு போயிருந்தது. இசக்கிமுத்துவின் பிஸ்டலிலும் அது இருந்தது. சுடாத புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தேன். ஒரே உயரம். ஆர்.ஐ.யும் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார்.

"கண்டத எழுதும்" என்றார்.

சிறு தேய்மானம், பயன்பாட்டுக்கு உகந்தது என்று எழுதினேன். புதிய பொருள் பழகும்போது ஒன்றோடொன்று உரசித் தன் இடத்தைப் பிடிப்பது வழக்கந்தான். அன்றும் அப்படி எண்ணினேன். இன்றும் என் எண்ணம் அதுதான்.

ராதாபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கதுரை என்று ஒருவர் சாலையோரம் டயர்க் கடை வைத்திருந்தார். எதிரே நடந்த ஒரு கொலையைப் பார்த்துவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தேன் என்று சொன்னது அவர் ஒருவர்தான். மிரட்டல் வந்தது. காவலுக்கு இசக்கிமுத்துவைப் போட்டார்கள். மாதக்கணக்கில் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இருந்தான். தங்கதுரையின் மனைவி பொன்னுத்தாய் அவனுக்கும் சேர்த்தே உலை வைப்பார். அவரை மதினி என்பான். அவர் இவனைத் தம்பி என்பார்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் ஒரு காலை நேரம். பொன்னுத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போயிருந்தார். தங்கதுரை கடைக்குக் கிளம்பி வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பைக்குகளில் ஆட்கள் வந்தார்கள். முதல் பைக் இசக்கிமுத்துவின் மேலேயே ஏறியது. விழுந்தவன் எழுந்து, பிஸ்டலை எடுத்து, வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டான். அவர்கள் நிற்கவில்லை. அரிவாளோடு தங்கதுரையின் மேல் பாய்ந்தார்கள். இசக்கிமுத்து பிஸ்டலை அவர்கள் பக்கம் நீட்டினான். இரண்டாவது வெடி கேட்கவே இல்லை. அவர்கள் வந்த காரியத்தை முடித்துவிட்டுப் போனார்கள்.

ஓடி வந்த அதிகாரி இசக்கிமுத்துவிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் வே சுடல? துப்பாக்கி சிக்கிட்டா?"

"ஆமாய்யா. ஸ்லைடு மூடல" என்றான்.

துணி உறையில் அரக்கு முத்திரையோடு அந்த பிஸ்டல் என் மேஜைக்கு வந்தது. கூடவே நான் எழுதிய அந்த வரிக்கும் உயிர் வந்துவிட்டது. ஆர்மரரே தேய்மானம் என்று எழுதியிருக்கிறாரே என்று ஒரு பக்கம். சிறு தேய்மானம் என்றுதானே எழுதியிருக்கிறார் என்று இன்னொரு பக்கம். கேண்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும்.

பரிசோதனைக்கு முன்பு இசக்கிமுத்து என்னைப் பார்க்க வந்தான். தோளில் கட்டு. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. விசாரணையில் இருப்பவன் ஆயுத அறைக்குள் வரக் கூடாது என்ற முறை அவனுக்குத் தெரியும்.

"நல்லா பாருங்க அண்ணாச்சி. அந்த ஸ்பிரிங்குதான்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பாக்கேன்லே. நீ போய் மருந்தச் சாப்பிடு."

முதலில் வெறும் துப்பாக்கி. வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கையோடு பைய விட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கடைசியில் ஒரு நெல்மணி அளவு மூடாமல் நின்றுவிடும். அப்படி நின்றால் விசையை அழுத்தினாலும் வெடிக்காது. இசக்கிமுத்து சொன்னது அதைத்தான். நான் இழுத்து விட்டேன். மூடியது. இன்னும் பைய விட்டேன். மூடியது. ஆர்.ஐ. வாங்கிச் செய்தார். ஒவ்வொரு முறையும் கதவு சாத்துவது போல மூடியது.

அடுத்த நாள் மலையடிவாரத்துச் சுடுதளத்துக்குப் போனோம். அன்று அவன் வைத்திருந்த அதே பெட்டிக் குண்டுகள். நேராகச் சுட்டேன். பக்கவாட்டில் சாய்த்துச் சுட்டேன். கீழே விழுந்து எழுந்த கை தளர்ந்திருக்கும் என்று பிடியைத் தளர்த்திச் சுட்டேன். அந்தத் தெருவின் செம்மண்ணைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆர்.ஐ. அதைத் தூவிவிட்டுச் சுட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் துப்பாக்கி சிக்கிவிடக் கூடாதே என்று பயந்தவன் நான். அன்று ஒரு நாள்தான், மாதாவே, ஒரே ஒரு தடவை சிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே விசையை அழுத்தினேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. காலடியில் வெற்றுத் தோட்டாக்கள் குவிந்தன. மலையில் மோதித் திரும்பிய ஒவ்வொரு சத்தமும் இசக்கிமுத்துவின் மேல் விழுவது போல இருந்தது எனக்கு.

"போதும் வே" என்றார் ஆர்.ஐ. என் கையிலிருந்து பிஸ்டலை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். சிறு தேய்மானம் உண்டு, இயக்கத்தில் குறை காணப்படவில்லை என்று எழுதி நிறுத்தினேன். ஆர்.ஐ. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இன்னொரு வரி எழுதும். அன்னைக்கு அங்கன என்ன நடந்துச்சுன்னு இந்தப் பரிசோதனை சொல்லாது. அதுவும் நாம கண்டதுதானே?"

எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார்.

துறை விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "குறை இல்ல. அப்படித்தானே?"

"ஆமாய்யா. அடுத்த வரியில..."

"கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

இசக்கிமுத்து எதிரே நின்றிருந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை எதிர்த்துக் குறுக்குக் கேள்வி கேட்க அவனுக்கு உரிமை உண்டு. கேள்வி உண்டா என்று அதிகாரி கேட்டபோது, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டான். அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது.

கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். உத்தரவில் 'கோழைத்தனம்' என்ற சொல் இருந்தது. வேறு எதையும்விட அதுதான் எங்கள் ஆட்களின் வாயில் நின்றது. அவன் பையனைப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

போலீஸ் குடியிருப்பு வீட்டை அவர்கள் காலி செய்த நாளில் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மனைவியிடம், "அண்ணாச்சிக்கு ஒரு காப்பி போடேன்" என்றான். அடுப்பைக் கட்டிவைத்தாயிற்றே என்றாள். பக்கத்து வீட்டில் போட்டு வாங்கி வரச் சொன்னான். அவள் போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"நீங்க எழுதுனது சரிதான் அண்ணாச்சி. அது சிக்கல."

கட்டி வைத்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தேன். "பொறவு ஏம்லே அப்படிச் சொன்ன?"

"விசையில விரல் வச்சிட்டேன். சுட்டிருப்பேன். அவனுவளுக்குப் பின்னால மதினி ஓடி வாராவ. கொழாயடியில கொடத்தப் போட்டுட்டு நேரா எம் பக்கமே ஓடி வாராவ. அவனுவளும் அவங்களும் ஒரே கோட்டுல. நான் அங்கன நகந்தா அவனுவளும் நகருதானுவ. விரல எடுத்துட்டேன். எடுத்த அந்த நேரத்துலதான்..." அவன் முடிக்கவில்லை.

"ஏலே, சட்டமே அதுதானே! பின்னால ஆள் நின்னா சுடக் கூடாது. இத விசாரணையில சொல்லியிருந்தா உன்ன எவன் தொட்டிருப்பான்?"

"சொல்லலாம். சொன்னா, பொண்டாட்டி குறுக்க வந்ததால புருசன் செத்தான்னு ஊரு சொல்லும். மாமியா வீட்டு ஆளுவ அவங்கள வச்சுப் பாப்பாவளா? ஊர விடுங்க. மதினி மனசு என்ன சொல்லும்? நாம ஓடாம இருந்திருந்தா அவுக பொழச்சிருப்பாவன்னு தோணிட்டா, பொறவு அந்தப் பொம்பள எப்படிச் சோறு திங்கும்?"

ஒரு பாத்திரத்தை எடுத்துச் சாக்கில் வைத்தான்.

"அதான் ஸ்பிரிங் மேல போட்டேன். அது இரும்பு. அதுக்கா நோவப்போவுது? நீங்களும் தேஞ்சிருக்குன்னு எழுதியிருந்தியளா, தப்பிச்சிரலாம்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தான். "இது நம்மோட இருக்கட்டும் அண்ணாச்சி. மேல்முறையீடு அது இதுன்னு யாரும் கெளம்பிராதிய."

காப்பி வந்தது. குடித்தேன் என்று நினைக்கிறேன்.

அதைத் தனியாகச் சுமக்க என்னால் முடியவில்லை. ஆர்.ஐ. அதற்குள் ஓய்வு பெற்று ஆற்றங்கரையிலிருந்த தன் ஊருக்குப் போயிருந்தார். அவரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படித்துறையில் நின்றே கேட்டார். நாம் இரண்டு பேரும் மேலே எழுதினால் அவன் வேலை திரும்பிவிடும் என்றேன். அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

"நமக்கு அது கேட்டதுதான் வே. கண்டவன் அவன் ஒருத்தன். அவன் வேண்டாம்னு வச்சத நாம எடுத்துக் குடுக்க முடியாது."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சில மாதம் கழித்து, கம்பெனி எல்லா பிஸ்டல்களுக்கும் திருத்திய ஸ்பிரிங் அனுப்பியது. முன்னெச்சரிக்கை என்றார்கள். பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினேன். "பாத்தியளா, ஸ்பிரிங் கோளாறுதான். இசக்கி பாவம்" என்று சிலர் பேசிக்கொண்டார்கள். உத்தரவை யாரும் திருத்தவில்லை. அவன் ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்குக் காவலாளாகப் போயிருந்தான். கையில் ஒரு கம்பு, ஒரு டார்ச். ஒருமுறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். பொட்டல் வெளியில், சுற்றுகிற இறக்கைக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் இறங்கவில்லை.

கொலை வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது நானும் சாட்சி சொன்னேன். பிஸ்டல் சரியாக இயங்கியதா என்று கேட்டார்கள். இயங்கியது என்றேன். பின் பெஞ்சில் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்ததைக் கூண்டிலிருந்து இறங்கும்போதுதான் கண்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தனியாக வந்திருந்தார். மெலிந்து, நெற்றி வெறுமையாக. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோர்ட்டுல நீங்க சொன்னதக் கேட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"அன்னைக்கு நான் ஓடி வந்தேன். தம்பி துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்காவ. அந்தத் தம்பி கண்ணு அவனுவளப் பாக்கல. என்னத்தான் பாத்துது. பொறவு துப்பாக்கி பைய கீழ எறங்கிச்சு. அது சிக்கித்தான் எறங்கிச்சா? இல்ல, என்னப் பாத்து எறக்குனாவளா? தம்பிகிட்ட கேட்டேன். சிக்கிருச்சு மதினின்னுதான் சொல்லுதாவ. நீங்க இருக்கத இருக்கபடி சொல்ற ஆளுன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. நான் சொல்வதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"ஸ்பிரிங் தேஞ்சிருந்துச்சும்மா" என்றேன். "கோர்ட்டுல கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும். தேய்மானம் இருந்துச்சு. சம்பவத்துக்கு முன்னாலயே நான் எழுதியும் வச்சிருக்கேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"சரி அண்ணாச்சி. ஸ்பிரிங்குன்னே இருக்கட்டும்."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"நான் வந்து கேட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிராதிய. நான் நம்பிட்டேன்னே அந்தத் தம்பி நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். எனக்காக வேலையத் தொலச்ச பிள்ள. அந்த நெனப்பாவது மிஞ்சட்டும்."

அவர் கேட்டுக்கொண்டதை அவர் இருந்தவரைக்கும் காப்பாற்றினேன். இசக்கிமுத்து, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். மதினிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.